இருபது நிமிஷப் பயணம்

இக்லூலிக்,
ஏப்ரல் 9

அன்பு மகள் மியாலிக்கு,

ஹாலிஃபாக்ஸில் நீ சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், என் முதுகைத் தவிர.

சனிராஜாக்கில் இருக்கிற உன் ஆப்பியா பெரியம்மாவுக்கும் எனக்கும் மூன்று வருஷமாகப் பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும். நம் ஊருக்கு வந்தவள், ரேடியோவில் ஊரே கேட்க என் ரொட்டியைக் கல் என்றாளே, அதிலிருந்துதான். போன மாதம் அவள் மகன் போன் பண்ணி, அம்மாவுக்கு இக்காலுயிட் பெரிய ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன், ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது, இதுவும் போய்விடுமோ என்று அழுகிறாள் என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தடவை என்னைப் பார்த்துவிடட்டும் என்று கிளம்பினேன்.

எழுபது கிலோமீட்டர்தானே, பனிவண்டியில ஏறு, மூணு மணி நேரத்துல கொண்டுபோய் விடுறேன் என்றார் அப்பா. என் முதுகு தாங்காது, ப்ளேன்ல இருபதே நிமிஷம், நீங்க குலுங்கிக்கிட்டு வாங்க, நான் டீ போட்டு வைக்கிறேன் என்று சவடால் விட்டுவிட்டு ப்ளேன் ஏறினேன்; அப்பா பனிவண்டியில் கிளம்பினார். சனிராஜாக்கில் ஒரே மூடுபனி. ப்ளேன் இரண்டு சுற்று சுற்றியது. பனி விலகிய ஒரு நொடியில் அக்கா வீட்டு நீலக் கூரையைக்கூடப் பார்த்தேன். அப்புறம் பைலட், இறங்க முடியாது, இக்காலுயிட் போகிறோம் என்றார். எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல்! மாற்றுத்துணி கிடையாது, மடியில் அக்காவுக்குப் பிடிக்குமே என்று கொண்டுபோன புளித்த வால்ரஸ் இறைச்சி. பக்கத்து சீட்டில் கனடாவின் தெற்கேயிருந்து வந்தவர் வழி முழுக்கத் தொப்பியால் மூக்கை மூடிக்கொண்டு வந்தார்.

நாலு நாள் அங்கேயே கிடந்தேன். ஐந்தாம் நாள் பனி விலகியது. திரும்பும் ப்ளேனுக்காக நிற்கிறேன், வந்து இறங்கிய ப்ளேனிலிருந்து மகன் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா வருகிறாள்! என் குரல் கேட்டதும் நின்றுவிட்டாள். இங்க என்னடி பண்றே என்றாள். உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். பக்கத்து ஊர்க்காரியைப் பார்க்க இவ்வளவு தூரமா வருவாங்க, உன் புருஷன் நாலு நாளா என் வீட்டுல உட்கார்ந்து தின்னுக்கிட்டிருக்கார், நீ டீ போட வருவேன்னு என்றாள். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. நான் ப்ளேன் ஏறவில்லை. ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று என்னையே உற்றுப் பார்த்தாள். நல்லாத் தெரியுது, இவ்வளவு கிழவியா ஆயிட்டியா என்றாள். நான் நர்ஸ் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

திரும்பும்போது மறுபடி மூடுபனி. அவள் ஊரில் இறங்க முடியாமல் ப்ளேன் நேரே இங்கே வந்துவிட்டது. ஒன்பது நாளாக நம் வீட்டில்தான் இருக்கிறாள். என் பாத்திரங்களை இடம் மாற்றுகிறாள், அப்பாவின் குறட்டையைத் திட்டுகிறாள். நேற்று வானம் பளிச்சென்று இருந்தது. சனிராஜாக் ப்ளேன் புறப்பட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். கோப்பையை நீட்டினாள், டீ ஊற்றினேன்.

கர்த்தர் உன் கூடவே இருக்கட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே. பெரியம்மாவுடன் போனில் பேசும்போது ப்ளேனைப் பற்றி மட்டும் வாயைத் திறந்துவிடாதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா லீட்டியா