பட்டியலில் இல்லாத மூன்று பேர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயாவது அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய ஆய்வுக் கட்டுரையை நான்கு நாளாக அண்ணி சத்தமாகப் படித்தாள், நான் கேட்டேன். இயேசு இறந்து முப்பது நாற்பது வருஷம் வாய்வார்த்தையாகவே கிடந்த கதைதான் முதல் சுவிசேஷமாக எழுதப்பட்டது என்கிறாய். உடலுக்குத் தைலம் பூசப் போன பெண்கள் கல்லறை காலியாக இருப்பதைக் கண்டு ஓடிவந்து, பயத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை; பழைய பிரதி அங்கேயே நின்றுவிடுகிறது, பிறகு வந்தவர்கள் நல்ல முடிவை ஒட்டினார்கள். அதற்கும் முன்பே சபைக்கு எழுதப்பட்ட கடிதம் ஒன்றில், உயிர்த்தெழுந்தவரைக் கண்ட சாட்சிகளின் பட்டியல் இருக்கிறது, அதில் அந்தப் பெண்களே இல்லை. இதைப் படித்ததும் அண்ணி தாளைக் கீழே வைத்துவிட்டாள்.

நானும் உனக்கு ஒட்டவைத்த முடிவைத்தான் எழுதினேன். உன் அண்ணன் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தபடி போனான் என்றது பொய். கம்பெனியும் அதே ஆஸ்பத்திரிக் கதையைத்தான் சொல்கிறது, குடித்துவிட்டுத் தொட்டியில் இறங்கினார்கள் என்ற பழியையும் சேர்த்து. மில்லின் சாயத் தொட்டியைக் கழுவ அவனையும் கூட வேலை செய்த இரண்டு பேரையும் முகமூடி கூடத் தராமல் இறக்கிவிட்டார்கள், மூன்று பேரும் உள்ளேயே மூச்சு முட்டிச் செத்தார்கள். பஞ்சு கோடவுனில் கிடத்தியபோது அவன் காலைத் தொட்டேன், சில்லிட்டிருந்தது. காலையில் வாருங்கள் என்று கதவைச் சாத்தினார்கள். விடிந்ததும் நானும் அண்ணியும் மில் கேன்டீன்காரியும் அவனைக் குளிப்பாட்ட சோப்பும் துண்டும் புதுச் சட்டையும் எடுத்துப் போனோம். கதவு திறந்து கிடந்தது. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். லாரியில ஏத்திட்டாங்கம்மா, கம்பெனி வீடு வேணும்னா வாயைத் திறக்காதீங்க என்றான் வாட்ச்மேன். ஓடிவந்துவிட்டோம். மறுநாள் ஆணியடித்த பெட்டி வந்தது, திறக்கக் கூடாது என்றார்கள். அதைத்தான் புதைத்தோம். உள்ளே யார் என்று எனக்குத் தெரியாது.

இப்போது அந்தச் சாவுகளைப் பற்றி அரசாங்க விசாரணை வந்திருக்கிறது. தொழிலாளர் சங்கம் போட்ட துண்டறிக்கையில் உன் அண்ணன் கோஷம் போட்டபடி செத்தானாம். அவனா, டீக்குச் சர்க்கரை பத்தலன்னு கத்துனதைத் தவிர வேற என்ன கோஷம் போட்டான் என்றாள் கேன்டீன்காரி, சிரித்துக்கொண்டே அழுதாள். சங்கத்தின் சாட்சிப் பட்டியலில் நான்கு ஆண்கள், ஒருவனும் கோடவுன் பக்கம் வரவில்லை. செயலாளரிடம் கேட்டேன். பொம்பளைங்க சாட்சி எடுபடாதுக்கா, அங்க வந்து அழுதுருவீங்க என்றான். அழுவேன்டா, அழுதுக்கிட்டே சொல்வேன் என்றேன்.

வியாழக்கிழமை விசாரணையில் சாட்சி சொல்லப் போகிறேன். கம்பெனி வீடு போகும், அண்ணி சாமான்களைக் கட்டிவிட்டாள், அவளும் வருகிறாள். கேன்டீன்காரி வரவில்லை, அவளுக்கு மூன்று பிள்ளைகள், அவளைத் திட்டாதே. கம்பெனி முகவரிக்கு இனிமேல் கடிதம் போடாதே, புது இடம் பார்த்ததும் எழுதுகிறேன்.

நீ நன்றாக இரு, உன் படிப்பு உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். கட்டுரையைத் திருத்தும்போது அந்தப் பெண்கள் பயந்தார்கள் என்ற வரியை மட்டும் வெட்டிவிடாதே. அங்கே போனவர்கள் அவர்கள்தான்.

உன்னிடம் பொய் சொன்ன,
அம்மா