யானை விழாத விடை

மழை பொய்யாதிருக்க, மழலை ஓயாதிருக்க, முகில்மலை மேல் கற்கும் பிள்ளைகள் யாவரும் நோயின்றி இருக்க. நீர்வேங்கை நாடுடைய கோமான், கொற்றநல்லூர் அரண்மனையில் வீற்றிருக்கும் மாவேங்கை அறவாழியார், முகில்மலைக் குருகுலத் தலைவர் நல்லியக்கனாருக்கு விடுக்கும் திருவோலை. கோமான் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதியவன் ஓலைநாயகம் சேந்தன் கொற்றி.

இங்கு அனைவரும் நலம். இன்று கோமான் வயிறாரச் சோறுண்டார் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். கடந்த ஒரு மாதமாக அப்படி எழுத இயலாதிருந்தது.

காரணம் தாங்கள் அறிந்ததே. ஏழு வயது நிறையுமுன் கூட்டல் கைவராத பிள்ளை, அரண்மனைப் பிள்ளையே ஆயினும், தங்கள் குருகுலத்தில் நான்கு ஆண்டு தங்கிக் கற்க வேண்டும், பெற்றோர் ஆண்டுக்கு ஒருமுறையே வந்து காணலாம் என்பது இந்நாட்டுச் சட்டம். அதை இயற்றியவர் கோமானின் பாட்டனார். அவருக்குப் பெண் குழந்தை இல்லை என்பதை அரசியார் ஆதிரையாள் இம்மாதத்தில் பலமுறை நினைவூட்டினார். கோமானின் ஒரே திருமகள் பூவிழை நங்கை தேர்வில் தவறியதால், அவளை நாளை தங்களிடம் அனுப்புவதாக முன்னோலை விடுத்திருந்தோம்.

இனி நடந்ததைக் கேட்டருள்க. ஈராண்டுக்கு முன் துறைமுக வணிகர் ஒளிப்பலகைகள் பல கொண்டுவந்தனர். விரலால் தொட்டால் அவற்றுள் ஓவியங்கள் உயிர்பெற்று ஓடியாடும், கணக்குக் கேட்கும், விடைக்கு மூன்று எண்களைக் காட்டும். சிறுவர் எண் பயில அவற்றுள் ஏற்றதொன்றைத் தேர்ந்தருளுமாறு அவையோர் வேண்ட, கோமான் ஒவ்வொன்றையும் மகள் கையில் கொடுத்துப் பார்த்து, எதற்கு அவள் மிகுதியாகச் சிரித்தாளோ அதுவே சிறந்தது என்று முடிவுகட்டினார். அதில் ஒரு யானை பாலம் கடக்கும். விடை பிழையானால் பாலம் முறிந்து, யானை சேற்றில் தொப்பென்று விழுந்து, நாலு காலையும் மேலே தூக்கி உதைத்து, காதுவரை சேறாக எழுந்து தும்மும். விடை சரியானால் யானை அக்கரை சேரும், ஒரு மணி ஒலிக்கும், அவ்வளவே. நகரத்துச் சிறுவர் விளையாடும் ஆடுமன்றங்களிலும் அந்தப் பலகையே வைக்கப்பட்டது.

கணக்காயர் விடங்கனாரின் மீசையைக் கண்டு சிறு பிள்ளைகள் மிரளுவது வழக்கமாதலால், அவர் வாய்மொழியாக ஒன்றும் கேளாமல் பலகையைக் கொண்டே தேர்வு நடத்துவார். அவர் முன்னிலையில் இளவரசி தொட்டதெல்லாம் பிழையாயிற்று. செய்தி கேட்ட கோமான், ஊருக்கு ஒரு சட்டம் அரண்மனைக்கு ஒரு சட்டம் ஆகாது என்று அவையில் நிமிர்ந்து மொழிந்துவிட்டு, உள்ளே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். மலைக்குச் செல்ல வேண்டும் என்பதை மகளிடம் சொல்ல மட்டும் எவருக்கும் வாய் வரவில்லை.

நேற்று மாலை, பிரியுமுன் ஒருமுறை சேர்ந்து விளையாடலாம் என்று கோமான் மகளருகே சென்று அமர்ந்தார். ஐந்து தாமரையும் மூன்று தாமரையும் எத்தனை என்று பலகை கேட்டது. கோமான் ஏதோ நினைவாக எட்டை நோக்கி விரலை நீட்ட, இளவரசி அவர் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். அவள் சொன்னதைச் செந்தமிழாக்காமல் அப்படியே பொறிக்குமாறு கோமான் ஆணை.

“எட்டத் தொடாதீங்கப்பா. அஞ்சும் மூணும் எட்டுதானே, சரியாப் போயிடும். அப்புறம் யானை விழாது. ஏழத் தொடுங்க.”

கோமான் நீட்டிய விரலை மடக்க மறந்தார். ஒன்பதும் ஆறும் எத்தனை என்று மெல்லக் கேட்டார். ஆட்டத்தைக் கெடுக்கிறாரே என்ற சலிப்புடன் பதினைந்து என்றாள். அப்படியாயின் கணக்காயர் முன்னே ஏன் சரியானதைத் தொடவில்லை என்று வினவ, அவள் கூறியது இது:

“அந்தத் தாத்தா ஒரு தடவைகூடச் சிரிக்கவே இல்லப்பா. பாவமா இருந்துச்சு. அதான் விழவச்சுக்கிட்டே இருந்தேன்.”

கோமான் மகளைத் தூக்கிக்கொண்டு அரசியாரின் மாடம் வரை ஓடினார். நாடாளும் மன்னர் நடைகூடத்தில் ஓடியதைக் கண்ட காவலர் பகைவர் வந்தனரோ என்று வாளை உருவினர். அரசியார் கட்டிவைத்த துணிமூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டு அதன் மேலேயே அமர்ந்து சிரித்தார். விடங்கனாரோ, மூன்றில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டாலும் இடையிடையே சரி விழுமே, ஒன்றுகூடச் சரியாகாமல் தொடுவதற்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமே என்று தலையில் அடித்துக்கொண்டார். பலகையைத் தேர்ந்தவர் தாமே ஆதலால் கோமான் அவரைக் கடியவில்லை.

இன்று காலை வணிகர் அழைக்கப்பட்டனர். சேற்றுக் குளியலைச் சரியான விடைக்கு மாற்றவும், பிழை நேர்ந்தால் யானை பொறுமையாக நின்று தாமரைகளை மீண்டும் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டவும் அவர்கள் ஒப்பினர். நாழிகை காட்டி விரட்டும் பலகைகள் கப்பலுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. எந்தப் பலகையானாலும் குழந்தையை அதனோடு தனியே விட்டுவிடாமல் பெரியவர் ஒருவர் கூட அமர்ந்து ஆட வேண்டும் என்பதைக் கோமான் தாமே சேர்த்தார்.

அத்தருணத்தில் அரசியார் ஒன்று கேட்டார். நம் பிள்ளையை நாம் அறிந்துகொண்டோம், சென்ற ஆண்டு இதே பலகையில் தவறி மலையேறிய ஊர்ப்பிள்ளைகளை யார் அறிந்தார் என்று கேட்டார். கோமான் உடனே எழுத்தாணியை எடுக்குமாறு எனக்குப் பணித்தார்.

ஆகவே ஆணை யாதெனில்: இவ்வோலை கண்ட அன்றே அப்பிள்ளைகளை ஒவ்வொருவராக அருகே இருத்தி, பலகையை அப்பால் வைத்து, கையில் புளியங்கொட்டை கொடுத்து, வாயால் கேட்டறிக. கூட்டல் தெரிந்த பிள்ளையை ஒரு பொழுதும் தாமதியாமல் வீட்டுக்கு அனுப்புக. தெரியாத பிள்ளையையும் அனுப்புக. அதற்குக் கற்பிப்பது இனி எம் பொறுப்பு. பாட்டனாரின் சட்டம் இந்நாளோடு நீங்கியது. இளவரசிக்கென்று அணிசெய்த பல்லக்கும், பின்னே பன்னிரு வண்டிகளும் வெறுமையாக மலையேறி வருகின்றன. பெற்றோருக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. அவர்கள் இப்போதே கோட்டை வாயிலுக்கு வந்துவிட்டார்கள்.

வேங்கை இலச்சினை இட்டது. இது கோமான் ஆணை. முத்திரை உலருமுன் கோமானும் எழுந்து வாயிலுக்குச் சென்று அவர்களோடு நிற்கிறார்.