உன் கழுத்தில் கட்டிய தங்கம்

மாமா,

நாலு நாளைக்கு முன் பேரனுக்குக் கன்னம் வீங்கிவிட்டது. புதிதாகக் கல்யாணம் ஆன பையன். பொன்னுக்கு வீங்கி என்று சொல்லி, அவன் அம்மா தன் சங்கிலியைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டாள். வேப்பிலை அரைத்த வாசம் வீடெல்லாம் பரவியது. எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

நமக்குக் கல்யாணமான வருஷம், சாமை அறுப்பில் உனக்கும் இதேதான். மலைமேல் யாரிடம் தங்கம் இருந்தது? உன் அம்மா, என் சொந்த அத்தை, என் தாலியிலிருந்த தங்கப் பொட்டை அவிழ்த்து உன் கழுத்தில் கட்டினாள். சில நாளில் கன்னம் வற்றியது. தங்கம் இழுத்துக்கொண்டது என்று ஊரெல்லாம் சொல்லி வந்தாள். அன்று சாயங்காலமே உனக்குக் குளிர்க்காய்ச்சல் திரும்பியது. நீ காலை அகட்டி அகட்டி நடந்தாய்.

"இன்னா மாமா, ஏன் இப்டி நடக்குற?"

"முள்ளு குத்திச்சு, போ."

அந்த முள்ளை நான் மறக்கவில்லை.

பிள்ளை இல்லாமல் வருஷங்கள் போயின. வைத்தியர் கொடுத்த லேகியமெல்லாம் எனக்குத்தான் ஊட்டினார்கள். "தாலிப் பொட்டு இறங்கின கழுத்து. வயிறு எப்டித் தொறக்கும்?" என்றாள் அத்தை. அவிழ்த்தது அவள் கை. அவள் செத்த பிறகும் நான் மன்னிக்கவில்லை.

கடைசியில் படவேட்டுக்கு நடந்து இறங்கி, பஸ் ஏறி வேலூருக்குப் போனோம். அங்கேதான் முதல்முறையாக உன்னைச் சோதித்தார்கள். உன் விந்து நீரில் உயிரணு ஒன்றுகூட இல்லை. வழி அடைத்திருந்தால் அறுத்துத் திறந்துவிடலாம், உனக்கு ஊறுவதே நின்றுபோயிருக்கிறது என்றார் டாக்டர். கன்னத்து வீக்கம் கீழே விதைக்கு இறங்கியதா என்று அவர் கேட்டபோது நீ தலை குனிந்தாய். அப்போதே வந்திருந்தால் சரியாகியிருக்குமா என்று நான் கேட்டேன். உறுதி சொல்ல முடியாது, பார்த்திருக்கலாம் என்றார். இப்போது விதைக்குள்ளேயே ஊசி விட்டு உயிரணுவைத் தேடி எடுக்கிறார்களாம். அன்று அதுவும் இல்லை.

திரும்பும் வழியில் நீ சொன்னது ஒன்றே ஒன்று. "அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

அத்தை உனக்கு இன்னொரு பெண் பார்த்தாள். ஊர்ப் பெரியவர்கள் கூடி உன் சம்மதம் கேட்டார்கள். உன் வாயிலிருந்து ஒரு சொல் விழும் என்று நின்றிருந்தேன். நீ மண்ணைப் பார்த்தாய். சுனையடியில் அந்தப் பெண்ணிடம் நானே உடைத்துச் சொன்னேன். "வயித்தெரிச்சல்க்கா உனக்கு" என்று சிரித்தாள்.

வந்தாள். அவளும் மலடி ஆனாள். பிறகு பக்கத்து ஊர்க்காரனோடு போய்விட்டாள். ஒருநாள் இடுப்பில் குழந்தையோடு நம் வேலி ஓரமாக நடந்து போனாள். ஊரே பார்த்தது. அத்தை வாய் அன்றோடு அடைத்தது. நீ காட்டிலேயே கிடக்கத் தொடங்கினாய்.

புளி உலுக்கப் போன இடத்திலிருந்து உன்னைப் பிணமாகத் தூக்கி வந்தார்கள். கிளை முறிந்தது என்றார்கள். மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். அந்த மரத்தடியில் முறிந்த கிளை எதுவும் இல்லை மாமா.

பிறகு என் தம்பி மகனை எடுத்து வளர்த்தேன். அவன் பிள்ளைதான் இந்தப் பேரன்.

இன்று மத்தியானம் அவன் கன்னம் கொஞ்சம் வற்றியது. சங்கிலி வேலை செய்கிறது என்று அவன் அம்மா சிரித்தாள். எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

"கீழ வலிக்குதாடா?"

"இன்னா ஆயா நீ. அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போனான். நான் கண்ணை எடுக்கவில்லை.

அது உன் நடை. இந்த வீட்டில் அதை அடையாளம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். போளூர் ஆஸ்பத்திரிக்கு ஜீப் சொல்லிவிட்டேன். சங்கிலியைக் கழற்றி அவன் அம்மா கையில் கொடுத்தாகிவிட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு வர மறுக்கிறான். வருவான். இன்னொரு முள்ளை நான் நம்ப மாட்டேன்.