ஷூவில் எறும்பு

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே புழுக்கம். எங்கள் ஃபேக்டரியில் ஷூ ஃபினிஷிங் சொல்லித்தர ஹங்கேரியிலிருந்து லாஸ்லோ வந்தாச்சு, ஒரு வாரத்துக்கு. அறுபது வயதிருக்கும். சாம்பிள் ரூம் என் பொறுப்பு, அதனால் ஆளும் என் பொறுப்பு. பை நிறைய பாலிஷ் பாட்டில்கள், எல்லாவற்றிலும் அவர்கள் மொழி. ஒன்று மட்டும் கறுப்பாக, கெட்டியாக. தனியாக என் கையில் கொடுத்து ஏதோ சொன்னார். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. தலையாட்டி வைத்தேன்.

பாலிஷ் போடும் ஷமீமிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தாள்.

"மேடம், இன்னாவோ பழ வாசனை வருது. அவர ஒருவாட்டி கேட்டுக்கலாமா?"

"சொன்னத செய்."

நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னேன். ஷூ நன்றாகத்தான் பளபளத்தது.

ஜூலை 15, செவ்வாய்

சாம்பிள் ஷூ இரண்டு ஜோடியிலும் எறும்பு. மேனேஜர் கத்தல். "டேபிள்ல யாரு சாப்ட்டது?" ஷமீம் காலையில் பன் தின்றதைப் பார்த்திருந்தேன். ஆனால் டேபிளில் இல்லை, மாடிப்படியில். "ஷமீமா இருக்கும் சார்." என் வாயிலிருந்துதான் வந்தது.

உடனே அவளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டும். அவளுக்கு முட்டி வலி. இங்கே ஸ்டூலாவது இருந்தது. என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

வாங்க: து. பருப்பு, அத்தைக்கு பி.பி. மாத்திரை. கேஸ் புக் பண்ணணும்.

ஜூலை 17, வியாழன்

மாலை தூறல். லாஸ்லோவை ஹோட்டலில் விட காரில் போனேன். பாலாற்றுப் பாலத்தில் ஆறு எங்கே என்று கேட்டார். மணலையும் முள்செடியையும் காட்டினேன்.

அவர் மாவட்டம் நாட்டின் கிழக்குக் கோடி, உக்ரைன் எல்லை. சபோல்ச்-சத்மார்-பெரெக். ஒரே மாவட்டத்துக்கு மூன்று பெயர். டிசா என்று ஓர் ஆறு, வெள்ளம் வந்தால் ஊருக்குள் வந்துவிடுமாம். ஒரு கிராமத்துக் கல்லறையில் கல்லே கிடையாது, படகை நட்டு வைத்தது போல மரக்கட்டைகள். போனில் படம் காட்டினார். இளசுகள் எல்லாம் வெளிநாட்டில் வேலை. ஆற்றோரம் எங்கும் ப்ளம் மரம். பழத்தைப் பெரிய பாத்திரத்தில் போட்டு, சர்க்கரை சேர்க்காமல், அக்கம்பக்கத்துப் பெண்கள் மாற்றி மாற்றிக் கிண்டுவார்களாம், கறுத்துக் கெட்டியாகும் வரை.

திங்களன்று தான் கொடுத்த பாட்டிலில் இருந்தது தன் மனைவி கிண்டியது, எல்லோரும் சாப்பிட்டீர்களா என்றார்.

அந்தக் கறுப்பு பாட்டில்.

ரொம்ப ருசி என்றேன். அவர் முகமெல்லாம் சந்தோஷம். சீ, என்ன ஜென்மம் நான். ஷமீம் அன்றைக்கே சொன்னாளே.

ஜூலை 18, வெள்ளி

காலையில் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு. "ஜாமையா பூசுனீங்க?"

"ஷமீம திரும்ப இங்கியே போட்டுடலாம் சார்."

"பேக்கிங்ல ஆள் கம்மி. இருக்கட்டும் விடுங்க."

பேக்கிங்குக்குப் போனேன். ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்று அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பு கேட்டேன். அவள் கை நிற்கவில்லை.

"டேபிள்ல நான் சாப்புடலன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியும்ல மேடம்."

தெரியும் என்றேன்.

"சரி விடுங்க. என் ஸ்டூல மட்டும் இங்க அனுப்புங்க."

எடுக்க சாம்பிள் ரூமுக்கு வந்தேன். செவ்வாயிலிருந்து அதன் மேல் என் கைப்பை.