ஆஸ்பத்திரி வராந்தாவில் வியாபாரம் தேடியவள்

மார்ச் 3, செவ்வாய்

ஃபிரிட்ஜ் கதவு முழுக்க மஞ்சளாகிவிட்டது. எல்லாம் நான் சேர்ந்திருக்கும் டிசைன் வகுப்பால் வந்தது. முதலில் மனிதர்களைக் கவனிக்க வேண்டும், அவர்களுடைய சிரமம் எதுவென்று பிடிக்க வேண்டும், அதற்கொரு மாதிரி செய்து விலைபோகுமா என்று சோதிக்க வேண்டும். தொழிலில் இறங்குவது அதற்கப்புறம்தான். தோன்றுவதையெல்லாம் ஒட்டும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் ஈரம். ஆகவே ஃபிரிட்ஜ்.

காலையில் பால் எடுத்த கணவரின் முழங்கையில் ஒரு தாள் ஒட்டிக்கொண்டு ஆபீஸ் வரை போயிருக்கிறது. 'இவருடைய வலி என்ன?' என்று அதில் எழுதியிருந்தேன். மேலதிகாரி அவரைத் தனியே கூப்பிட்டு அக்கறையாக விசாரித்தாராம்.

பை கம்பெனியில் இருபது வருஷம் பைகளை வரைந்துகொண்டிருந்தவள் நான். கம்பெனியை மூடிவிட்டார்கள். நாற்பத்தாறு வயதில் மறுபடி கடைசி பெஞ்சு.

மார்ச் 7, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

நாத்தனார் போன மாதம் தன் மாமியாருக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். படுக்க இடமில்லை, சார்ஜர் போட இடமில்லை, கழுத்து பிடித்துக்கொண்டது என்று ஒரு மணி நேரம் புலம்பினாள். எனக்கு உடனே பளிச்சென்றது: துணைக்கு இருப்பவர்களுக்கென்றே ஒரு பை. தலையணை, போர்வை, பிளாஸ்க், எல்லாவற்றுக்கும் தனித்தனி அறை. உலகத்தின் எந்தக் கஷ்டமானாலும் ஒரு ஜிப் வைத்தால் தீர்ந்துவிடும் என்றுதான் என் புத்திக்குத் தோன்றும்.

நாத்தனார் துள்ளினாள். "அண்ணி, இது ஓடும். நானும் கூட்டு." கடை வேலை அவளுக்கு என்றைக்கோ கசந்துவிட்டது.

உறவுக்காரர்கள் எல்லோரிடமும் போனில் பேட்டி எடுத்தேன். ஒருவர் விடாமல் பிரமாதம் என்றார்கள். வகுப்புப் பயிற்சியாளர் என் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இவங்கள்ல உங்க மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லக்கூடியவங்க யாரு?"

யாருமில்லை. கணவர் சொல்லியிருப்பார். அவரை நான் கேட்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கவனித்தேன். உளவாளி மாதிரி கறுப்புக் கண்ணாடி வேறு. யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று செக்யூரிட்டி கேட்டார். மூன்றாவது மாடி என்றேன். அப்போது நான் உட்கார்ந்திருந்ததே மூன்றாவது மாடியில்தான்.

பார்த்தது: பெஞ்சின் கைப்பிடி இடிக்கிறது. பிளக் எட்டாத உயரத்தில் இருக்கிறது. செருப்பைத் தலைக்கு வைத்து ஒருவர் தூங்குகிறார்.

வேலை ஓடவில்லை. வருகிறவர்களெல்லாம் கொஞ்ச நேரம் எங்க அப்பாவைப் பார்த்துக்குங்க, மருந்து வாங்கிட்டு வந்துடறேன் என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். குறிப்பில் 'தொந்தரவு' என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 20, வெள்ளி

மாதிரிப் பை தயார். இரண்டு நாள் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. கணவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இதை நாம தூக்கணுமா, இது நம்மளத் தூக்குமா?"

சண்டைக்கு நிமிரவும் முடியவில்லை. இடுப்பு பிடித்திருந்தது.

மார்ச் 25, புதன்

இன்றைய நாளை எப்படி எழுதுவது?

பையோடு வராந்தாவுக்குப் போனேன். எல்லோரும் தடவிப் பார்த்தார்கள், பாராட்டினார்கள். வேண்டுமென்றால் பெயரும் நம்பரும் கொடுங்கள், செய்து தருகிறேன் என்றதும் அத்தனை பேருக்கும் அவசர வேலை வந்துவிட்டது. ஒரு பெயர்கூடத் தேறவில்லை.

கடைசியாக ஒரு பெண். உள்ளே அவளுடைய அம்மா. சேர்த்த நாளிலிருந்து இவள் வீட்டுக்கே போகவில்லையாம். பையை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "நீங்க இங்கதானே இருப்பீங்க? அம்மா பக்கத்துல கொஞ்சம் உட்காருங்களேன். குளிச்சிட்டு ஓடி வந்துடறேன்."

போய் உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் அந்த அம்மா கண் திறந்தார். "போயிட்டாளா?" என்று கேட்டார். போய்விட்டாள் என்றேன்.

"அப்பாடா. அவ முன்னாடி அழ முடியல."

அழுதார். சத்தமே இல்லாமல், நெடுநேரம். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் சொல்லித்தந்தபடி பயனரிடம் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு நினைவில்லை.

மார்ச் 26, வியாழன்

பை இல்லை. பையே இல்லை. அவர்களுக்கு வேண்டியது ஓர் ஆள். நானோ அதைத் தொந்தரவு என்று எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். இந்த அழகில் கவனிக்கும் பயிற்சி வேறு.

நாத்தனாரிடம் போனில் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அண்ணி, நான் நேத்தே வேலைய விட்டுட்டேன்."

ஐயோ. நான் சொன்னேனா விடச் சொல்லி? சொல்லல. ஆனா வேண்டாம்னும் சொல்லலையே. கூட ஒருத்தி இருந்தா தைரியம்னு வாய மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்? போனை வெச்சுட்டா. திரும்பக் கூப்பிட்டா எடுக்கல. இவர் தங்கச்சிக்கும் பேச முடியாம எனக்கும் பேச முடியாம நியூஸ் பார்க்கிறார். டிவியில ஓடுறது விளம்பரம்.

ஏப்ரல் 2, வியாழன்

இந்த முறை ஒழுங்காகச் சோதனை. தைக்கவில்லை, உறவுக்காரர்களைக் கேட்கவில்லை. தலைமை நர்ஸிடம் அனுமதி வாங்கி, கேன்டீன் வாசலில் ஒரு தாள் ஒட்டினேன்: 'உங்கள் நோயாளியின் பக்கத்தில் சில மணி நேரம் உட்கார ஆள் வேண்டுமா?' கீழே கட்டணமும் என் நம்பரும்.

முதல் போன், மாவு மில்லா என்று கேட்டது. இரண்டாவது ஒரு மகன். "எங்கப்பாவ நம்பி விட்டுட்டுப் போக நீங்க யாருங்க?"

கேள்வி சரியானது. பயிற்சியாளர் சொல்லும் 'தொழிலைக் கவிழ்க்கக்கூடிய இடம்' இதுதான். ஓட்டையைக் கப்பல் கிளம்புவதற்கு முன்பே ஒருவர் காட்டிக் கொடுத்தால் நன்றிதான் சொல்ல வேண்டும். நான் போனை வைத்துவிட்டு முறுக்கிக்கொண்டு அரை மணி நேரம் இருந்தேன்.

பிறகு அவரையே கூப்பிட்டேன். முதல் முறை நீங்களும் கூடவே இருங்கள், உங்கள் அப்பாவுக்கு என்னைப் பிடித்தால் மட்டும் அடுத்த முறை தனியே விட்டுப் போங்கள் என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார்.

ஏப்ரல் 9, வியாழன்

பெரியவர் லாரி ஓட்டியவர். என்னைப் பிடித்துவிட்டது. இன்று மகன் தைரியமாக வெளியே போனார்.

நான் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது என்மேல் நோயாளியின் போர்வை. மகன் வருவதற்கு முன்னால் அவரேதான் தட்டி எழுப்பினார். "எந்திரிம்மா, வேலை நேரம்." மகனிடம் காட்டிக் கொடுக்கவும் இல்லை. நல்லா பார்த்துக்கிட்டாங்க என்றார். யார் யாரை என்று மகன் கேட்கவில்லை.

காசு வாங்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. மகன் தயங்காமல் கொடுத்துவிட்டு, நாளைக்கும் வருவீர்களா என்றார். வகுப்பில் இதைத்தான் உண்மையான ஆதாரம் என்பார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஏப்ரல் 14, செவ்வாய்

நாத்தனார் வாசலில் நின்றாள். கையில் பெட்டியெல்லாம் இல்லை, கோபம் மட்டும் இருந்தது. கடையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லையாம். மன்னிப்புக் கேட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு என்று விளக்கியும் சொன்னேன். அவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"விடுங்க. கூப்பிடறவங்களுக்கெல்லாம் உங்க ஒருத்தியால போக முடியுதா?"

முடியவில்லை. இன்று மட்டும் இரண்டு பேருக்கு இல்லையென்று சொல்லியிருந்தேன். நாளை அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

அந்தப் பெண் போன் செய்தாள், குளிக்கப் போனவள்; அன்று திரும்பி வந்ததும் என் நம்பர் வாங்கி வைத்திருந்தாள். அம்மா இறந்துவிட்டாராம்.

அன்றைக்கு அம்மா உங்களிடம் என்ன பேசினார் என்று கேட்டாள். நன்றாகத் தூங்கினார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அழுதார், உன் முன்னால் அழ முடியவில்லை என்றார் என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

அவள் சொன்னாள்: "நானும் அதுக்குத்தாங்க வீட்டுக்குப் போனேன். குளிக்க இல்ல."

இதை எந்தத் தாளிலும் எழுதி ஒட்டப்போவதில்லை.

ஏப்ரல் 25, சனி

இன்று நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நாத்தனார் போனாள்.

மே 15, வெள்ளி

நாத்தனார் லீவு கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வர முடியாதாம். என்னிடம் லீவு கேட்க ஓர் ஆள்! அதட்டிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் ஆசை வந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கே இரண்டு இடம். புதிதாகச் சேர்ந்திருக்கும் மற்ற இருவருக்கும் வேலை இருக்கிறது. லாரிக்காரப் பெரியவரின் பக்கத்துக் கட்டில்காரருக்கு யாரை அனுப்புவது?

இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "நான் போறேன்" என்றார்.

நான் நம்பவில்லை.

"அங்க போய் என்ன பேசணும்?"

"ஒண்ணும் பேச வேண்டாம். பக்கத்துல உட்கார்ந்தா போதும்."

"அது எனக்கு வரும்" என்று சொல்லிவிட்டுக் காலரைத் திருப்பிப்போட்டார்.