ஜீப் இழுக்கும் கனம்

சவூதி, 12.3.1984

அன்புள்ள பேச்சாயிக்கு,

நான் சுகம். ஆத்தூரில் நீயும் அம்மாவும் சுகமா? அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

பாலைவன வேலைக்கு, ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கும் தங்கும் வண்டியை என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இரண்டு கட்டில் உள்ளதை எடுத்தேன். ஒரு டன்தானே, ஜீப் இழுத்துவிடும் என்று நினைத்தேன். நேற்று அது மணலில் அச்சு வரை புதைந்துவிட்டது. பயப்படாதே, சிரித்துக்கொண்டேதான் தோண்டினோம்.

"ஏலே, வெறும் வண்டி எடையப் பாத்த, தண்ணி டிரம்மு எடைய விட்டுட்டியேப்பு" என்றார் கூடத் தங்கியிருந்த பேகம்பூர் காதர் பாய்.

தண்ணீரைக் குறைக்க முடியாது. அதனால் அவர் கட்டிலைக் கழற்றி இறக்கினோம். பாய் வேறு முகாமுக்குப் போய்விட்டார்.

யாராவது இங்கே வந்தால் இட்லிப் பொடி கொடுத்தனுப்பு. தபால் வண்டி வந்துவிட்டது. பொடியோடு உன் போட்டோ ஒன்றும் வை. பிரேம் போடாதே, கனம் கூடும்.

உன்
காத்தமுத்து