மூன்றாம் கவுன்ட்டரில் ஒரு பாம்புச் சட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சொன்ன பேச்சு கேட்கிறது, அங்கே உன் உடம்பும் மனசும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். என் கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் நீ சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பாய், நான் ஆச்சு ஆச்சு என்பேன், சரி அம்மாகிட்ட குடுங்க என்பாய். ஒன்றரை வருடமாக நமக்குள் பேச்சு அவ்வளவுதான். நான் சொல்ல வேண்டியது அதற்குள் அடங்காது, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். முதலில் கெட்ட சேதி. நீ கேட்ட பாம்புச் சட்டை வராது. அப்பா மறுபடியும் வேண்டாம்னு சொல்லிட்டாருன்னு நினைத்து இதை மடித்து வைத்துவிடாதே, கடைசிவரை படி.

இருபதாம் தேதி நகக்கலைப் போட்டி, பத்து விரலிலும் பாம்புத் தோல் மாதிரி செய்யப் போகிறேன், இங்கே கடையில் பிளாஸ்டிக் தாள்தான் கிடைக்கிறது, நிஜமான உரித்த சட்டை ஒன்று கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நீ போனில் பெருமூச்சு விட்டாய் அல்லவா, அன்றைக்கே உன் அம்மாவுக்குக் கீழ்வீட்டுப் பல் டாக்டரின் ஞாபகம் வந்துவிட்டது. அவர் நோயாளிகள் உட்காரும் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பாம்பு வளர்க்கிறாரே, அதற்கு அவர் வைத்திருக்கும் பேர் அசிஸ்டென்ட். அதைப் பார்த்தால் குழந்தைகள் தானாகவே வாயைப் பிளந்துவிடுகிறார்களாம். நீங்க போய்க் கேளுங்க, எனக்குப் பயமா இருக்குன்னு உன் அம்மா என்னைத் தள்ளிவிட்டாள். பாம்பென்றால் படையே நடுங்கும் என்பார்கள், நான் ஒற்றை ஆள், அதுவும் சர்க்கரைக்காரன். சும்மா போய் எப்படிக் கேட்பது என்று பல்வலி என்று பொய் சொல்லி உட்கார்ந்தேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிஜமாகவே ஒரு சொத்தையைக் கண்டுபிடித்து அடைத்தும் விட்டார். பாதி மரத்துப் போன வாயோடு நான் சட்டை, சட்டை என்று கேட்டதும் அவர் கொக்கியில் தொங்கிய என் சட்டையைப் பார்த்தார். விஷயம் புரிந்த பிறகு கையுறை டப்பாவுக்குள் சுருட்டி வைத்திருந்த மூன்றை எடுத்துக் கொடுத்து, சோப்புத் தண்ணியில அலசி நிழல்ல காய வைங்க, தொட்டா கையைக் கழுவுங்கன்னார். அசிஸ்டென்ட் என்னை ஒரு பார்வை பார்த்தது, அவ்வளவுதான். வெங்காயத் தோலைவிட லேசாக இருக்கிறது பாப்பா. கண் இருந்த இடத்தில்கூட இரண்டு வட்டம் அப்படியே இருக்கிறது.

தொட மாட்டேன் என்று சொன்ன உன் அம்மா முதல் சட்டை காய்ந்த அரை மணி நேரத்தில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிட்டாள். படுக்கை விளக்கின் மூடியில் சுற்றி ஒட்டினாள், இப்போது விளக்கைப் போட்டால் சுவரெல்லாம் செதில் செதிலாக நிழல் விழுகிறது, நான் பாம்பின் வயிற்றுக்குள் படுத்துத் தினத்தாள் படிக்கிறேன். மிச்சத்தில் ஒரு துண்டை என் போனுக்குப் பின்னால் கண்ணாடி உறைக்குள் வைத்தாள், ஒரு துண்டைப் புத்தகத்துக்கு அடையாளத் தாளாக்கினாள், பழைய வளையல் ஒன்றில் சுற்றிப் பசை தடவி உன் அத்தைக்குக் கொடுத்தாள். அத்தை அழகா இருக்கேன்னு இரண்டு நாள் போட்டுக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் அது என்ன என்று தெரிந்தது, நல்லவேளையாக நான் அப்போது வீட்டில் இல்லை. இரண்டாவது சட்டைக்கும் கத்தரிக்கோல் வந்துவிடுமே என்று நான் அதை எடுத்து ஆபீஸ் கோட்டின் பாக்கெட்டில் பத்திரப்படுத்தினேன். பத்திரப்படுத்தியதை மறந்தும் போனேன். கோட்டு இஸ்திரிக்குப் போய்விட்டது. இஸ்திரிக்காரர் நல்ல மனிதர், கத்தவில்லை, இரண்டு துணிக்கு நடுவே வைத்துச் சுருக்கமில்லாமல் தேய்த்து, கோட்டோடு தனி ஹாங்கரில் மாட்டித் திருப்பிக் கொடுத்தார். இது எந்த சைஸ் ஆளுக்கு சார்ன்னு மட்டும் கேட்டார்.

மூன்றாவதை உனக்கென்று அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டி என் தபாலாபீஸுக்கே கொண்டு போனேன். உள்ளே என்ன பொருள் என்று எழுதும் படிவத்தை முப்பத்தொரு வருடமாக மற்றவர்களை எழுத வைத்தவன், அன்று நானே எழுதினேன். எழுதி முடித்தபோதுதான் விதி ஞாபகம் வந்தது. தோல், இறகு, முடி எதுவாக இருந்தாலும் அனுமதிக் கடிதம் இல்லாமல் தேசம் தாண்டக் கூடாது, அந்தக் கடிதம் வர இரண்டு மாதமாகும். மேலாளரம்மா நல்ல மனசோடு, விளையாட்டுச் சாமான்னு எழுதிடுங்க, உங்க வீட்டுதுதானேன்னார். எனக்குக் கை வரவில்லை. போன மாதம்தான் ஒரு அம்மா தன் பேத்திக்கு அனுப்ப வந்த இறகுத் தொப்பியை இதே விதியைச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன், அவர் கண் கலங்கிவிட்டது. ஊருக்குத்தான் உபதேசமா என்று நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வேன். என் பார்சலை நானே மறுத்து, என்னிடமே கையெழுத்து வாங்கி, நானே வீட்டுக்குத் தூக்கி வந்தேன். உன் அம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்னிக்கும் நீங்கதான் வேண்டாம்னீங்க, இன்னிக்கும் நீங்கதான்னு சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அந்த அன்றைக்கு என்பது எது என்று உனக்கும் எனக்கும் தெரியும். நீ பேங்க் வேலையை விட்டுவிட்டு நகம் அலங்கரிக்கிற கடையில் சேர்ந்ததைச் சொன்னபோது, இவ்வளவு படிச்சிட்டு ஊர்க்காரங்க கால் நகத்தைத் தேய்க்கிறதா வேலைன்னு கேட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். நகமும் சதையுமாக இருந்தவர்கள் நாம், அதை வெட்டியது என் வாய்தான். அது தப்பு பாப்பா. கோபத்தில் வந்த வார்த்தை என்று சாக்குச் சொல்ல மாட்டேன், யோசித்துத்தான் சொன்னேன், யோசித்ததே தப்பு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். யாராவது மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால் இன்றுவரை பேங்கில் இருக்கிறாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பார்சலைத் தூக்கி வந்த அன்று, அம்மா சமாதானமாகட்டும் என்று அந்த இஸ்திரி போட்ட சட்டையை மேசைமேல் விரித்தேன். தோல்தானே போகக் கூடாது, அதன் அச்சு போகலாமே என்று தோன்றியது. மறுநாளே முத்திரை மைப் பெட்டி ஒன்று வாங்கி வந்து, தோலில் மையை ஒற்றி மெல்லிய தாளில் அழுத்தினேன். முத்திரை குத்துவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது உனக்கே தெரியும். ஒரு செதில் விடாமல் விழுந்தது. பன்னிரண்டு தாள் இதோடு வைத்திருக்கிறேன், இதற்கு எந்த விதியும் குறுக்கே வராது, விதிப் புத்தகத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். வயிற்றுப் பக்கம் படிக்கட்டு மாதிரி அகலமாக இருக்கும், அது பெருவிரலுக்கு. முதுகுப் பக்கம், நடுவிலுள்ள மூன்று விரலுக்கு. வால் பொடிப் பொடியாக இருக்கும், அது சுண்டுவிரலுக்கு. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன், வைத்துப் பார்த்து வரைந்துகொள்.

அதைப் பார்த்த பிறகு உன் அம்மா வழிக்கு வந்தாள், வந்தவள் சும்மா இருக்கவில்லை. நிஜத் தோல் நகத்தில் எப்படி உட்காரும் என்று பார்த்துச் சொன்னால் உனக்கு உதவும் என்று நீ நகம் செய்துகாட்டும் வீடியோவைப் பன்னிரண்டு தரம் ஓட்டினாள். அவள் கைதான் எப்போதும் தண்ணீரிலேயே இருக்கிறதே, அதனால் என் வலது ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டாள். கறுப்புப் பாலிஷ், அது காய்வதற்குள் ஈரத்துணியில் பதமாக்கிய தோல் துண்டு, மேலே மூன்று பூச்சு. முதல் துண்டைத் தலைகீழாக ஒட்டினாள், இரண்டாவது அவள் மூக்குக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது, மூன்றாவது நின்றது. முழுசாக ஒன்றரை மணி நேரம், ஒரு விரலுக்கு. முதுகு பிடித்துக்கொண்டது அவளுக்கு. ஒரு நாளில் நீ எத்தனை பேருக்குப் பத்து விரல் செய்கிறாய் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். கறுப்புக்கு மேலே வைத்தால்தான் செதில் தெரிகிறது, வெள்ளைமேல் ஒன்றும் தெரியவில்லை, இதை மனசில் வைத்துக்கொள்.

மறுநாள் விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன், மறைக்க மாட்டேன். கண்ணாடிக்குக் கீழே உள்ள ஓட்டை வழியாக ஜனங்களுக்கு என் முகம் தெரிவதில்லை, கைதான் தெரியும். தபால்தலை நனைக்கிற பஞ்சில் பட்டுப் பட்டுப் பத்து மணிக்கெல்லாம் பிளாஸ்திரி கழன்று விழுந்தது. எதிரே நின்றது அந்தத் தொப்பி அம்மா, இறகைப் பிடுங்கிவிட்டு அதே தொப்பியை அனுப்ப வந்திருந்தார். விரலைப் பார்த்தவர் ஐயோ இது என்ன இவ்வளவு அழகா இருக்கு, யார் செஞ்சதுன்னு கேட்டார். வரிசையில் ஏழெட்டுப் பேர். நான், செஞ்சது என் வீட்டம்மா, ஆனா தொழில் என் பொண்ணோடது, நகக்கலை செய்யறா, இருபதாம் தேதி போட்டியில நிக்கிறான்னு சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகு முத்திரையைத் தலைகீழாகக் குத்திவிட்டேன், முப்பத்தொரு வருடத்தில் முதல் தப்பு.

போட்டியில் கை நடுங்காமல் இருக்கட்டும், ஜெயித்தாலும் தோற்றாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். குனிந்தே வேலை செய்யாதே, கழுத்தைப் பார்த்துக்கொள். நிஜச் சட்டை இங்கே பெட்டியிலேயே உன் பேர் எழுதி இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதே, என் விரலில் நகம் வளர்ந்துகொண்டே இருக்கிறது, அடியில் ஒரு நெல் அளவு வெறுமையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது, வரிசையில் நிற்பவர்கள் கேட்கிறார்கள். அம்மாவிடம் சரி செய்யச் சொன்னால், என்னால ஆகாது, அதுக்குப் படிச்சவ வரணும்னு சொல்கிறாள். எப்போது லீவு கிடைக்கும் என்று எழுது, மிச்சம் ஒன்பது விரலும் உனக்காகச் சும்மாதான் இருக்கின்றன.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா,
மூன்றாம் கவுன்ட்டர்